பல் டாக்டர் காரை விற்கும் கதை (விற்காமலும் இருக்கலாம்)

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளொளி, தரிசனம், விடியற்காலைக் கனவு எதுவும் கிடையாது. வீட்டில் சண்டை. சண்டையில் நான் தோற்றேன். தோற்றவனுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டான்.

என்னிடம் ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் செடான், கருநீலம். நான்கு கதவுகள் இருப்பதைக் காட்டி, "குடும்பத்துக்கான வண்டி" என்று சொல்லித்தான் வாங்கினேன். தரையோடு தரையாக இருக்கும். கியரை நாம்தான் மாற்ற வேண்டும். சாவியைத் திருப்பினால் ஒரு புலி

(வேண்டாம். காரைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் புலியைத்தான் கூப்பிடுகிறார்கள். பாவம், அதற்கும் வேறு வேலை இருக்காதா?)

சாவியைத் திருப்பினால் நல்ல சத்தம் வரும். அவ்வளவு போதும்.

என் மனைவி பல் மருத்துவர். நான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். கார் வந்த நாளிலிருந்து தினமும் மாலையில் கிளினிக்குக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. எழுத்து நகராத நாட்களில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியமும் அதுதான். கொஞ்ச காலமாக அவள் வாடகைக் காரில் வருகிறாள். "இதை வித்துட்டு எலக்ட்ரிக் ஒண்ணு வாங்கிடலாமே" என்று பலமுறை சொல்லிப்பார்த்தாள். நான் "யோசிக்கிறேன்" என்றேன். யோசித்து யோசித்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்:

"காரா நானான்னு நான் கேக்கமாட்டேன்."

"ஏன்?"

"யோசிக்கிறேன்னு சொல்லிடுவீங்க. அதைத் தாங்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்து இருக்கையில் இப்போது என் பைதான் வருகிறது. அந்த இடத்தில் அவள் மறுபடி உட்காருவாளா மாட்டாளா என்பதுதான் இந்தக் கதை. மற்றதெல்லாம் ஜோடனை.

2

உள்ளதை உள்ளபடி எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் ஆளை மாற்றினேன். கதையில் கணவன் பல் டாக்டர், மனைவி எழுத்தாளர். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.*

தொடக்கம், முதல் முயற்சி:

"கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, பல் டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். வாசலில் அவருடைய கருநீலக் காதலி"

(காதலியாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி:

"பல் டாக்டருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் பிடிக்கும். ஒன்று கார். இரண்டாவது"

(இரண்டாவதை யோசிக்கிறேன்.)

மூன்றாவது:

"நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பே இல்லாமல், பல் டாக்டர் விசிலடித்துக்கொண்டே காருக்குள் துள்ளி ஏறினார். காரை விற்கச் சொல்லி நச்சரிக்கும் மனைவியின் முகம் அவர் நினைவில் வந்தது. பாவம், அவளுக்கு ரசனை இல்லை."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டம் இருக்கிறது, ஆள் தெரிகிறார். அன்று மாலை சந்தோஷமாக ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

* எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

3

எழுதியதை எல்லாம் அவளிடம் படிக்கக் கொடுப்பது என் வழக்கம். இதைக் கொடுத்திருக்கக் கூடாது. பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன்.

கட்டிலில் மூன்று தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து, நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோலப் படித்தாள்.

"யார் இவன்?"

"கற்பனை."

"துள்ளி ஏறினாரா?"

"ஆமா."

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு பாத்தவன், அந்தக் காருக்குள்ள துள்ளி ஏறுறானா? ஏறட்டும். இறங்கறது யாரு? அவங்க அப்பாவா?"

"கதைதானே."

"கதைன்னா ஆளுக்கு முதுகு இருக்காதா? நெசமான பல் டாக்டரா இருந்தா முதல் பக்கத்துலயே காரை வித்திருப்பான். அப்புறம் இந்தப் பொண்டாட்டி. நாள் பூரா நாற்காலில சாஞ்சு உக்காந்து எழுதறா. இவளுக்கு என்ன வந்துச்சு? இவ எதுக்கு விக்கச் சொல்றா?"

அவள் எலக்ட்ரிக் கேட்பது சுற்றுச்சூழலுக்காக என்று நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் அவளுடைய தம்பி ஒன்று வாங்கிவிட்டான் என்ற பொறாமை. வேறு என்ன இருக்கப்போகிறது?

"முதுகு வலின்னு நீ எங்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

"சொன்னேனே. போன வருஷம் பூரா சொன்னேன். காருக்குள்ளதான் சொன்னேன். நீங்க 'என்ன?'ன்னு கேப்பீங்க. நான் மறுபடி சொல்லும்போது மூணாவது கியர் போட்டுருவீங்க."

நான் எழுதியதை என் மடியில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

வாசகரே, என் சங்கடம் உங்களுக்குப் புரிகிறதா? தொழிலை மாற்றியபோது முதுகும் கூடவே மாறிவிட்டது. காரை நேசிப்பவன் என் கதையில் பல் டாக்டர். பல் டாக்டர் என்றால் அந்தக் காரை நேசிக்க முடியாது. கதை நம்பும்படி இருக்க வேண்டுமானால் அவன் விற்றாக வேண்டும். அவனை எழுத்தாளனாகவே திருப்பி மாற்றிவிடலாம். மாற்றினால் அது நான்.

4

(காரில் நாங்கள் இருவரும் முதன்முதலாக மலைப்பாதையில் போனதை இங்கே எழுதியிருந்தேன். "அது எதுக்கு ஊருக்கு?" என்றாள். எடுத்துவிட்டேன். நல்ல பகுதி.)

5

ஒரு கதாபாத்திரத்தின்மீது சந்தேகம் வந்தால் அவனுடைய வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பார்கள். கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண் அன்று விடுப்பு. "நான் வரட்டுமா?" என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கை வரை கை கழுவச் சொன்னாள். முகக்கவசம் மாட்டிவிட்டாள். எச்சிலை உறிஞ்சும் குழாயைக் கையில் கொடுத்து, "இதை நான் சொல்ற இடத்துல பிடிங்க. கதை சொல்லாதீங்க" என்றாள்.

சாய்வு நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். கடைவாய்ப்பல். அவருடைய வாய் இருக்கும் இடத்துக்கும் என் கண் இருக்கும் இடத்துக்கும் நடுவில் என் முதுகு வளைய வேண்டியிருந்தது. கழுத்தைத் திருப்பி, ஒரு தோளை இறக்கி, மூச்சை அடக்கி நின்றேன். அவள் பக்கத்தில் அதே கோணத்தில், கையில் ஊசிபோன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, அசையாமல் வேலை செய்தாள். அவள் அசைந்தால் அவருக்கு வலிக்கும். அதனால் அசையவில்லை. அவருக்குப் பிறகு இன்னொருவர். அப்புறம் பல்லைக் காட்டவே மறுத்து அழுத ஒரு பெரியவர். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தேன். "குழாய்" என்றாள். குனிந்தேன்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டாள். நான் என் காரின் கதவைத் திறந்தேன். துள்ளவெல்லாம் இல்லை. உட்காரவும் இல்லை. விழுந்தேன் என்பதே சரி. வீடு வரைக்கும் ஓட்டிவிட்டேன். வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கப் பார்த்தால் உடம்பு வரமாட்டேன் என்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துப்பார்த்தேன். கதவைப் பிடித்தேன், கதவு என்னை விட்டு விலகிப் போனது. கடைசியில் மானத்தை விட்டு ஹாரன் அடித்தேன்.

எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தவள் வெளியே வந்தாள். பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"முதல்ல முழுசா இந்தப் பக்கம் திரும்புங்க. ரெண்டு காலையும் சேத்து வெளிய வைங்க. கை குடுங்க. எழும்போது வாயைத் திறந்து 'அம்மாடி'ன்னு சொல்லணும், அப்பத்தான் வரும்."

"அம்மாடி!" என்றேன். வந்துவிட்டேன்.

அந்த அம்மாடியை நான் எத்தனையோ மாலைகளில் கேட்டிருக்கிறேன். சும்மா நடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் கையை விடாமல் அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது.

"சரி, வித்துடறேன்" என்றேன்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் அவள் காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இதைப் பிடிக்கலைன்னு நான் எப்பவாவது சொன்னேனா? தெருமுனைல இதோட சத்தம் கேக்கும் பாருங்க, அவ்வளவுதான். 'வாயைக் கொப்பளிங்க'ன்னு சொல்லிக் கையுறையைக் கழட்டிருவேன். நீங்க வந்துட்டீங்கன்னு அந்தச் சத்தம்தான் எனக்குச் சொல்லும். இதுல எனக்கு இறங்க முடியல. அவ்வளவுதான் என் பிரச்சினை."

விற்கச் சொன்னவளே இப்படிப் பேசினால் நான் என்னதான் எழுதுவேன்?

6

இந்த இடத்தில் என் மச்சினன் உள்ளே வருகிறான். அக்காவுக்காக உயிரையே கொடுப்பான். எலக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து அதற்காகவும் கொடுப்பான். "ஒரு நாள் ஓட்டிப் பாருங்க மாமா" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவி என்று சொல்லி ஒரு அட்டையைக் கையில் திணித்தான்.

"இது கார் இல்ல மாமா, கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் என் மேஜைமேலயே ஒண்ணு இருக்குடா. பாதிக் கதையில நின்னுபோயிடும்."

"இது நிக்காது மாமா."

"அதுவும் பயமாத்தான் இருக்கு."

மாலை அதில் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் நிறுத்திக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. ஒரு பல்லுக்கு வந்த மனிதர் எல்லாப் பல்லையும் சுத்தம் செய்துகொண்டு பளபளவென்று வெளியே போனார். அப்புறம் அவள் எட்டிப்பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? சத்தமே கேக்கல. இன்னிக்கு வரமாட்டீங்க போலன்னு நெனச்சேன்."

முகம் கொஞ்சம் வாடியிருந்தது. ஆனால் கதவைத் திறந்தாள், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். அம்மாடி இல்லை. என் பையை அதற்கு முன்பே பின்னால் போட்டிருந்தேன்.

கார் கிளம்பியது. கிளம்பியது என்று நான்தான் சொல்கிறேன், அது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன அது?"

"எது?"

"நீங்கதான். வாயால."

கவனித்தேன். வேகம் எடுக்கும்போது என் வாயிலிருந்து "ட்ர்ர்ரூம்" என்று வந்துகொண்டிருந்தது. முக்கு திரும்பி மறுபடி வேகம் எடுத்தபோதும் வந்தது. இல்லாத கியரை மாற்றும் இடத்தில் சின்னதாக ஒரு இடைவெளி, பிறகு மறுபடி "ட்ரூம்". இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே தெரியவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வீடு வருகிற வரைக்கும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இத்தனை நாளும் ரெண்டு இன்ஜினா ஓடிச்சு?"

வீட்டு வாசலில் கதவைத் திறந்து, என் கை இல்லாமல், தானே இறங்கினாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

7

முடிவுகள்.

(அ) பல் டாக்டர் காரை விற்கிறார். வாங்கியவர் ஓட்டிப் போகும்போது தெருமுனையில் அந்தச் சத்தம்

(எழுத முடியவில்லை. மேலே போகலாம்.)

(ஆ) இரண்டு கார்களையும் வைத்துக்கொள்கிறார். எங்கள் வாசலில் ஒன்றுதான் நிற்கும். இன்னொன்றைக் கதைக்குள் வேண்டுமானால் நிறுத்தலாம்.

(இ) பழைய காரின் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துகிறார். இதை எழுதும் முன்பே செய்து பார்த்துவிட்டேன். தலை கூரையில் இடித்தது. யாருடைய தலை என்று சொன்னால் பிரச்சினை பெரிதாகும்.

(ஈ) முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது. கௌரவமானது, நவீனமானது, யாருக்கும் வலிக்காதது. இதையே வைத்துக்கொண்டேன்.

இன்று காலை, கிளினிக்குக்குக் கிளம்பும் முன், நின்றபடியே படித்தாள்.

"முடிவு எங்க?"

"வாசகர்கிட்ட விட்டுட்டேன்."

"ஓஹோ." தாள்களைத் தட்டி அடுக்கினாள். "அப்ப சாயங்காலம் வாசகர் வந்து எனக்குக் கை குடுத்துத் தூக்கிவிடுவாரா?"

போய்விட்டாள். வாடகைக் காரில்தான்.

8

நாள் முழுக்க அதற்குப் பதில் எழுதப் பார்த்தேன். அவளுடைய கிளினிக் முடியும் நேரம் ஆகிவிட்டது. மேஜைமேல் என் சாவியும், மச்சினன் இன்னும் வாங்கிக்கொண்டு போகாத அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நான் எழுந்துவிட்டேன். இந்த வரிகளை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

பல் டாக்டர் விற்கிறாரா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கருநீலக் காருக்கு நல்ல இடமாக ஒன்று பார்த்துக் கொடுத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். எந்தக் காராக இருந்தாலும், அவள் தானே கதவைத் திறந்து தானே இறங்க வேண்டும்.

தெருமுனையில் கேட்க வேண்டிய சத்தத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.