பொட்டு வைத்த இசைத்தட்டு

சம்பந்தி வீட்டில் தலை குனிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சின்னுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ராசிபுரத்தில் முப்பது வருஷம் மைக்செட் கட்டிய மனுஷன். தட்டும் ஊசியும் தனக்குத் தெரியாததா என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். மனைவி வசந்தாமணி பதினெட்டு வயதில் பாடிய இசைத்தட்டை, மகள் மதுமதியைக் கட்டிக்கொடுத்த சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு எடுத்துப் போனதும் அந்த மிதப்பில்தான்.

மாரியம்மன் பண்டிகைக்காக வசந்தாமணியின் ஊர்க் கமிட்டி போட்ட தட்டு. அச்சடித்த ஐம்பதில் மிஞ்சியது இது ஒன்றுதான். சம்பந்தி நவநீதகிருஷ்ணனிடம் பழைய கார் விலைக்கு வாங்கிய பிளேயர் இருந்தது. அதில் வைத்தால் கடுகு பொரிகிற சத்தம் வந்ததே தவிர, பாட்டு வரவில்லை.

"தட்டு செத்துப்போச்சுங்க. செவுத்துல வேணா மாட்டிக்கலாம்" என்றார் சம்பந்தி.

அவர் மனைவி ராமாத்தாள் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க பாடுனது நெசந்தானுங்களா?" என்று சிரித்தாள். வசந்தாமணி தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டாள். சின்னுசாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறிச் சேலத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் அன்பரசு முன்னால் போய் நின்றார். அன்பரசு லென்ஸை வைத்துத் தட்டைப் பார்த்தான்.

"கழுவுனீங்களாங்க?"

"மூணு தரம் கழுவியாச்சுங்க."

"பாட்டுக் கோட்டுப் பள்ளத்துக்கு அடியில செவப்பா, மஞ்சளா என்னமோ ஒட்டிக்கெடக்குதுங்களே."

சின்னுசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுத பூஜை! ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர், தேய்ந்துவிடும் என்று ஒருநாளும் போடாமல் பொத்தி வைத்திருந்த மனைவியின் தட்டுக்கும், பெருமை தாங்காமல் வருஷா வருஷம் பொட்டு வைத்தார். நடுக் காகிதத்தில் வைத்தால் அவள் பெயர் மறைந்துவிடுமே என்று, பாட்டின் மேலேயே வைத்தார். அவரிடமிருந்த மற்ற சினிமாப் பாட்டுத் தட்டுகளுக்கு அந்த மரியாதை கிடையாது, அதனால் அவை பிழைத்தன. போதாக்குறைக்கு, கழுவிக் கழுவி அந்தப் பொடியைத் தட்டு முழுக்கப் பரப்பியும் விட்டிருந்தார்.

அன்பரசு, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ்களில் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து வைத்தான். "கூர்முனைங்க. கோட்டோட அடி வரைக்கும் போயித் தேடும்."

"தேடுனது போதும் சாமி. சம்பந்தி ஊட்லயும் இந்த மாதிரி முனைதான் தேடுச்சு. உருண்டை முனை இருக்குதுங்களா?"

"அது சாதாரணமுங்க. நுணுக்கமெல்லாம் காட்டாது."

"குத்தத்தையும் காட்டாதுல்ல? சைக்கிள் சக்கரம் பள்ளத்துக்குள்ள எறங்கும். லாரி டயரு மேலயே உருண்டு போயிரும். எனக்கு லாரி டயர்தான் வேணும்."

அன்பரசு அரைமனதாக மாட்டினான். தட்டு நான்கு அடி பாடி முடிப்பதற்குள், இரைச்சல் இல்லாமல் கேட்க எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். சின்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெட்கப்படவில்லை.

அடுத்த ஞாயிறு வசந்தாமணி வர மறுத்தாள். "மறுக்கா எதுக்குங்க? உட்ருங்க."

"பேசாம வா புள்ள. பொட்டு வெச்சுக் கெடுத்தது நாந்தான், உம்பாட்டுக்கு நான் பொறுப்பு."

அஸ்தம்பட்டியில் நவநீதகிருஷ்ணன், சின்னுசாமி வாங்கி வந்த மலிவான கார்ட்ரிட்ஜைப் பார்த்து முகம் சுளித்தார். "எம் பிளேயர்ல இதையா மாட்டறது?"

"ஒரே ஒரு பாட்டுங்க."

சின்னுசாமியே மாட்டி, ஊசி அழுத்தும் எடையைச் சரிபார்த்து, இறக்கினார். லேசான இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சமும் அஞ்சாமல், நெஞ்சைத் திறந்து எழுந்தது. மதுமதி காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா பாடி அவள் கேட்டதே இல்லை. சம்பந்தி நாற்காலியைப் பிளேயர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னுசாமிக்குத் தலை உத்தரத்தைத் தொட்டது.

ஒரே ஒரு இடம் மட்டும் அடங்கவில்லை. பாட்டின் உச்சியில், தட்டு சுற்றும்போதெல்லாம், 'டொக்' என்று ஒரு மெல்லிய தட்டல். சின்னுசாமியின் முகம் சுருங்கியது.

பாட்டு முடிந்ததும் ராமாத்தாள் கண் கலங்க எழுந்து வந்து வசந்தாமணியின் கையைப் பிடித்தாள். "அன்னைக்கு என்னமோ வாய் தவறிச் சொல்லிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. இன்னொருக்கா போடச் சொல்லுங்க." பிறகு தயங்கிக் கேட்டாள், "ஆமா, நடுவுல என்னமோ தட்டுச்சே, அது என்னதுங்க?"

சின்னுசாமி தலையைக் குனிந்தார். வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுங்களா? அது எங்கூட்டுக்காரரு வெச்ச பொட்டுங்க."