மாத்திரை அலமாரியின் சாவி

டாக்டர் மோயென் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இதான் உங்க தைராய்டு சுரப்பி, இங்வில். அளவுக்கு மீறி வேலை செஞ்சா இந்த இடம் கறுப்பா தெரியணும். உங்களுது தூங்குது. வீங்கிக் கசியுதான்னும் பாத்துட்டோம், அதுவும் இல்ல. ஆனா ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் பொங்கி வழியுது. அப்ப வெளியிலேர்ந்துதான் உள்ள போகணும். மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா?"

"இல்ல."

"எங்கம்மா எடுக்குறாங்க, தைராய்டு மாத்திரைதான்" என்றான் பக்கத்தில் இருந்த கணவன் ஹால்வர். "அவங்க வேளை மறந்துடுவாங்கன்னு எங்க சமையலறை அலமாரிலதான் வெச்சிருக்கோம்."

மனைவிக்காக ஒரு வார்த்தை பேசாதவனுக்கு அலமாரிக்காக மட்டும் வாய் திறந்தது. இங்வில் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இலையுதிர்காலம் முடிந்ததிலிருந்தே அவள் இளைத்துக்கொண்டு வந்தாள். கை நடுங்கியது. பனியிலும் வியர்த்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்ததால் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். கட்டியவனே திருடி என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒல்லியாகணும்னு அம்மா மாத்திரைய போட்டியா? சொல்லிடு, நான் திட்டல" என்றான் காரில்.

"நான் தொடக்கூட இல்ல, ஹால்வர்."

"அப்ப எலி தின்னுச்சாக்கும்."

மறுநாள் அவன் அலமாரிக்குப் பூட்டுப் போட்டான். தான் திரும்பும்வரை அம்மாவுக்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் எடுத்து, பக்கத்திலிருந்த அவர் வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுத்தான். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குக் கிளம்பினான். எண்ணெய்க் கிணற்று மேடையில் அவனுக்கு வேலை. பாதி நாள் அங்கே, பாதி நாள் வீட்டில். கிளம்பும்போது அவள் கன்னத்தைத் தொட்டு, "எலும்பா போயிட்ட. ஃப்ரீசர் நிறைய கறி உருண்டை செஞ்சு வெச்சிருக்கேன், நல்லா சாப்பிடு" என்றான். அந்த அன்பு பொய்யில்லை. அதுதான் கொடுமை.

பூட்டைப் பார்த்து இங்வில் நிம்மதிப்பட்டாள் என்றே சொல்ல வேண்டும். இனி தன் பேச்சு நிரூபணமாகிவிடும் என்று நம்பினாள். தினமும் கறி உருண்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். தட்டில் பாதி காலடியில் கிடந்த ரப் என்கிற நாய்க்குப் போனது. மாமியார் கறியைத் தொடுவதில்லை, அவருக்கு மீனும் கஞ்சியும்தான் ஆகும்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு முன்னைவிட ஏறியிருந்தது.

டாக்டர் மோயென் குரலைத் தாழ்த்தி, மனநல மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். "யாரும் உங்கள குத்தம் சொல்லல" என்றும் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்வில்லுக்குத் தெரியாதா? அன்றைக்கு அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து எதையாவது விழுங்குகிறேனோ? சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ரப் வந்து மடியில் தலையை வைத்தது. அதுவும் விலா தெரிய இளைத்திருந்தது, கதவுக்கும் அடுப்புக்கும் ஓயாமல் நடந்தது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். அதன் மார்பில் கை வைத்தாள். தன் நெஞ்சில் கேட்கும் அதே ஓட்டம்.

பூட்டிய அலமாரியை நாய் திறக்காது.

கால்நடை மருத்துவர் ரப்பின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். தாளில் வந்த முடிவை இங்வில் டாக்டர் மோயென் மேசையில் வைத்தாள். நாய்க்கும் ஹார்மோன் எகிறியிருந்தது. டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார்.

"நீங்களும் நாயும் சேந்து என்ன சாப்பிடுறீங்க?"

"கறி உருண்டை. எங்க வீட்டுக் காளை. இலையுதிர்காலத்துல ஹால்வர்தான் வெட்டி அரைச்சு வெச்சது."

ஹால்வர் ஊர் திரும்பிய அன்று, அவர்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது டாக்டரின் ஃபோன் வந்தது. இங்வில் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கழுத்துப் பக்கத்துக் கறிய என்ன பண்ணீங்க, ஹால்வர்?"

"அரைச்சேன். எங்கப்பா வழக்கம், எதையும் வீணாக்க மாட்டோம்" என்றான் பெருமையாக.

"குரல்வளைக்குக் கீழ, மூச்சுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு சிவப்பா இருக்குமே, அது?"

"அதையும்தான்."

"அதுதான் காளையோட தைராய்டு. வேகவெச்சாலும் அதுல இருக்கிற ஹார்மோன் போகாது. நீங்க பாதி நாள் கடல்ல இருக்கிறதால உங்களுக்கு அவ்வளவா ஏறியிருக்காது. அந்தக் கறிய யாரும் தொடாதீங்க. நிறுத்தினா இங்வில்லுக்குத் தானா சரியாயிடும்."

ஃபோன் அடங்கியது. ஹால்வர் முகம் வெளுத்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவன் கையிலேயே நடந்திருந்தது.

"நானே உனக்கு ஊட்டியிருக்கேன்" என்றான். "தெரியாம பண்ணிட்டேன், இங்வில்."

"கறிய தெரியாமத்தான் அரைச்ச. அத நான் இப்பவே மறந்துடுறேன்."

அவன் மெல்லச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைத் தொடவில்லை.

"பூட்டு மட்டும் தெரிஞ்சேதானே போட்ட" என்று சொல்லிவிட்டு, ரப்பைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.