இங்கே வார்த்த வால்வு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெயபாலின் ஃபவுண்டரி உலை அணைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. சுங்கவரி குறைந்ததிலிருந்து வெளிநாட்டு வால்வுகள் மலிவாக வந்து இறங்கின. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அரசின் குடிநீர் டெண்டர். உள்நாட்டிலேயே வார்த்த வால்வு என்றால், வெளிநாட்டுச் சரக்கைவிட நூற்றுக்குப் பதினைந்து வரை விலை கூடினாலும் ஆர்டர் அதற்கே என்பது அதன் விதி. அந்த விதியால்தான் ஜெயபாலுக்கு ஆர்டர் கிடைத்தது.

ஆனால், ஆய்வுக்கு அதிகாரி வரும் திங்கட்கிழமை காலையில் கொட்டகையில் அடுக்கியிருந்ததெல்லாம் துறைமுகத்திலிருந்து வந்த சரக்கு. வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெல்டிங்கால் இரண்டு கோடு இழுத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

இரண்டு கோடு, மண்ணில் அச்சு கட்டும் மோல்டர் உலகநாதனின் குறி. ஒவ்வொரு மோல்டரும் தன் அச்சு மண்ணில் ஒரு குறி கீறிவிடுவான். வார்ப்பில் அது மேடாக விழும். பழுது வந்தால் யார் வேலை என்று தெரிவதற்கான வழக்கம்.

"இன்னா மொதலாளி இது? நான் வார்க்காததுல என் கோடு கீது?"

"சார் கேட்டா உன்னுதுன்னு சொல்லு, அவ்ளோதான். இந்த லோடு போவட்டும் உலகநாதா. அடுத்த லோடுக்கு அட்வான்ஸ் வந்ததும் உலையப் பத்த வெச்சிடலாம். அந்தோணியார் மேல சத்தியம்."

மண் சலிக்கும் கன்னியம்மா சிரித்தாள். "கப்பல்ல வந்த கொயந்தைக்கு நீ அப்பனா அண்ணாத்தே? சொல்லிட்டுப் போ. உலை பத்துனாத்தான் எங்க ஊட்ல அடுப்பு பத்தும்."

அதிகாரி வந்தார். ஒரு வால்வைப் புரட்டிக் கோட்டை விரலால் தடவினார். உலைப் பக்கம் திரும்பினார்.

"ஏன் சூடே இல்ல?"

"நேத்து ஞாயிறு சார், லீவு," என்றார் ஜெயபால்.

"இது யார் குறி?"

உலகநாதன் திரும்பிப் பார்த்தான். மூலையில் மோல்டிங் மண் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"என்னுதுதான் சார்."

"நீங்களே வார்த்ததா?"

"ஆமா சார்."

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

அட்வான்ஸ் வந்த அன்று உலகநாதன் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி வைத்தான். மதியம் வந்தது கரி லாரி அல்ல. துறைமுகத்திலிருந்து இன்னொரு லோடு.

"மொதலாளி, உலை?"

"கணக்குப் போட்டுப் பாத்தேன்பா, கட்டுப்படியாவல. நீ எங்கயும் போயிடாத. சார் வந்தா கைகாட்ட ஒரு மோல்டர் வேணும். உன் சம்பளம் தவறாது." சலவைச் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே கன்னியம்மாவைப் பார்த்தார். "உனக்குத்தான் வேலை இல்லம்மா. மண்ணே வேணாமே."

அவர் போன பிறகும் கன்னியம்மா சல்லடையைக் கீழே வைக்கவில்லை. உலகநாதனின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாத்தே, மொதலாளிகிட்ட எனக்காவ ஒரு வார்த்த பேசேன். மண்ணு நான்தான் சலிச்சேன்னு நானும் சொல்றேன். சார் எப்ப கேட்டாலும் சொல்றேன்."