சூட்டோடு மூடிய முட்டை

டப்பாவைத் திறந்ததும் பேருந்தில் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள். மீதிப் பேர் ஜன்னலைத் திறந்தார்கள். நடத்துநர் நேராகப் பக்கத்து இருக்கைக்காரம்மாவிடம் போய், குழந்தைக்குத் துணி மாற்றச் சொன்னார். அந்தம்மா கைக்குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, ஊரறிய மோந்து பார்த்து, தன் பிள்ளை சுத்தம் என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு எல்லோரும் என் மடியைப் பார்த்தார்கள்.

மடியில் இருந்தது நான் காலையில் கட்டிய வழித் தீனி. அவித்த முட்டை, நறுக்கிய வெள்ளரி, வறுத்த கடலை, வாழைப்பழம். கடையில் வாங்குவதில் பாதிச் செலவுகூட இல்லை. எண்ணெய் இல்லை, சாயம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்காகக் கட்டியது. மறுநாள் காலை அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் அவள் ஓட வேண்டும். போன தடவை வழியில் கண்டதைத் தின்று, ஓடுகளத்துக் கோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். வயது வரம்பு இதோடு முடிகிறது. இனி ஒரு தடவை கிடையாது.

கடைச் சாமானே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நொறுக்குத்தீனி ஆலையில் நைட் ஷிப்டில் இருந்தேன். தரையில் சிந்திய கடலையை வாரித் திரும்பத் தொட்டியில் போடுவார்கள். அதே தரையில்தான் மேற்பார்வையாளர் மூக்கைச் சிந்துவார். ஒரு நாள் கலவையில் எலிவால் வந்தது. வாலை எடுத்துப் போட்டார்கள், எலியைத் தேடவில்லை. அன்றோடு நின்றுவிட்டேன்.

வேலையை விட்டாலும் வேலைப் பழக்கம் விடவில்லை. அங்கே வறுத்த சூடு ஆறுவதற்குள் பையை ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமுத்துப்போகும். அதே மாதிரி முட்டையை உரித்த சூட்டோடு வெள்ளரிமேல் அடுக்கி, இண்டு இடுக்கில் மற்றதைத் திணித்து, காற்றுப் புகாமல் அழுத்தி மூடினேன். ஆறட்டும்டா என்றாள் அம்மா. ஆலையைப் பார்த்தவனுக்கு அடுப்படி பாடம் எடுக்காதே என்றேன்.

வெயிலில் காய்ந்த பேருந்தில் பகல் முழுக்க அது தனக்குள்ளேயே வியர்த்திருக்கிறது. முட்டைமேல் சளி மாதிரி ஒரு பூச்சு. வெள்ளரி கூழாகி, கடலை அந்தத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வாழைப்பழம் வெடித்து எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருந்தது. நடத்துநர் டப்பாவை இரண்டு பைக்குள் கட்டி, படிக்கட்டு மூலையில் வைக்கச் சொன்னார். வண்டி இனி நடுவில் எங்கேயும் நிற்காது என்றும் சொன்னார்.

தங்கச்சி என் தீனியை நம்பி மதியமும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு படுத்தால் காலையில் கால் இழுக்கும்.

பக்கத்து இருக்கைக்காரம்மா தூக்குவாளியைத் திறந்தாள். அவித்த உருளைக்கிழங்கும் உப்பும். குழந்தையின் மூக்கைக் கட்டைவிரலால் வழித்து, மடித்துணியில் துடைத்தாள். அதே விரலால் கிழங்கை உரித்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. நாங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறாள்; உரித்ததைத் தங்கச்சியிடம் நீட்டி, தின்றால்தானே ஓட முடியும் என்றாள்.

தங்கச்சி வாங்கிக்கொண்டாள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"அந்தக் கையைப் பாத்தியா?"

"பாத்தேன். உன் டப்பாவையும் பாத்தேன்."

நாலு கிழங்கு தின்றாள். விரலை வேறு நக்கினாள். அந்தம்மா எனக்கும் ஒன்றை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினேன். தம்பிக்கு முட்டையே போதுமாம் என்றாள். முன் இருக்கை வரை சிரித்தார்கள்.

எப்போது வாந்தி எடுப்பாள் என்று போய்ச் சேரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எடுக்கவில்லை. காலையில் ஓடினாள். மூன்றாவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள்.

வெளியே வந்தவள், பசி உயிர் போகிறது என்று வாசலில் நின்ற பழவண்டிக்குப் போனாள். வண்டிக்காரர் கழுத்தைத் துடைத்த துண்டாலேயே கத்தியைத் துடைத்தார். பப்பாளிமேல் உட்கார்ந்த ஈயை வாயால் ஊதினார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காசை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் தின்று முடிக்கும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.