ஓர்வில் கழித்துவைத்த கூடுகள்

வேட்டைக்காலம் நெருங்கினால் ஓர்வில் கார் ஷெட்டைவிட்டு வெளியே வரமாட்டார். அமெரிக்காவின் மொன்டானாவில் பாதி ஆண்களின் கதை இதுதான். மனைவி ஆர்டிஸுக்குப் பழகிவிட்டது. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைச் சேர்த்து, வால்நட் கொட்டை ஓட்டுத் தூளில் உருட்டிப் பளபளப்பாக்கி, அச்சில் நெருக்கி, நீண்டதைச் செதுக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்பத் தயார் செய்வார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பொறுமை. அதில் கால்வாசியைப் பாத்திரம் கழுவுவதில் காட்டியிருந்தால் மனிதருக்குக் கோயிலே கட்டியிருக்கலாம்.

இதில் ஒரு வேலைதான் உயிர். நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரை வருட வேண்டும். பலமுறை சுட்ட கூடு அங்கே மெலிந்து, வளையமாய்ப் பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்லும். தப்பவிட்டால் சுடும்போது கூடு பிய்ந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பிவரும். ஓர்விலுக்கு முழங்கால் போனதிலிருந்து மலையேறிச் சுடுகிறவள் ஆர்டிஸ்.

வசந்தத்தில் அவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள். புற்று போனது, கூடவே விரல் நுனிகளும் மரத்துப்போயின. அவர் அதைச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டுவதை அவளும் பார்க்காத மாதிரியே இருந்தாள். ஆனால் மதியம் அவர் கண்ணயர்ந்ததும், நல்லவை என்று அவர் ஒதுக்கிய தட்டை எடுத்து, ஒவ்வொன்றாய்த் தானே வருடிப் பார்த்தாள். பள்ளம் விழுந்தவை சிக்கின. சத்தமில்லாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரு வேலையையும் பிடுங்க மனசு வரவில்லை.

இன்று கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

"தூங்கலையா நீ?"

"நீ திருடுறதப் பாக்கணுமே."

"சும்மா எடுத்துப் பாத்தேன். நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

"புளுகாத. கீறல் போட்ட கூடு எங்க?"

"எந்தக் கூடு?"

"போன வருஷம் பள்ளம் விழுந்துச்சுன்னு நான் கழிச்சுவெச்சதுல ஒண்ண எடுத்து, அடியில சின்னதா கீறல் போட்டு, ஒவ்வொரு தட்டுலயும் கலந்து வெப்பேன். ஒவ்வொரு தடவையும் அது காணாமப்போயிடும்." ஓர்வில் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "கையில கம்பி இருக்கறதே எனக்குத் தெரியல, ஆர்டிஸ்."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நான் பாக்காம விட்டிருந்தா? என் மூஞ்சி என்னாயிருக்கும்?"

"கீறல் போட்டது தட்டுலயே கெடந்தா அந்தத் தட்டுக்கு மருந்தே போடமாட்டேன். நீ எடுத்துட்டேன்னு தெரிஞ்சாத்தான் போடுவேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்னப் போயி படுன்னுடுவ. அப்பறம் உனக்குன்னு நான் என்ன செஞ்சு குடுக்கறது?"

ஆர்டிஸுக்குத் திட்டவும் தோன்றியது, அழுகையும் முட்டியது. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"செதுக்கறது நீ. கம்பி நான். எதுத்துப் பேசாத."

"சரி."

மேஜைமேல் கிடந்த அவர் கையைப் பிடித்தாள். லேசாகப் பிடித்தால் உறைக்காது என்று நன்றாக அழுத்தினாள்.

"தெரியுதா?"

"இல்ல," என்றார் ஓர்வில். "விட்றாத."