வி.கே.புரம் பெஞ்சு

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ஃபஹ்மிதா மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். மேலப்பாளையத்தில் அவள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் டீ கேட்பதில்லை, கேட்டாலும் கிடைக்காது.

விஷயம் இதுதான். பதினேழு வருடத்துக்கு முன்னால் திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிய பெண்கள் ஆறு பேர், ஊரடங்கில் பொழுது போகாமல் ஒரு லீக் ஆரம்பித்தார்கள். ஆட்டமெல்லாம் கம்ப்யூட்டருக்குள். பேட்டை, மணிமுத்தாறு, மேலப்பாளையம், வி.கே.புரம் என்று ஆளுக்கு ஓர் அணி. அந்த அணிகளில் ஆடுகிறவர்கள் மட்டும் கற்பனை இல்லை, அந்தக் காலத்தில் கூட ஆடிய பெண்களேதான். நிஜத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் எல்லோருக்கும் இன்னும் பத்தொன்பது வயதுதான்.

லீக்கை நடத்துகிறவள் ஷார்ஜாவில் இருக்கும் ரைஹானத். அவளுடைய அண்ணன் காஜா முகைதீன்தான் அந்த நாளில் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதியவர். அவருடைய நோட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. யார், எந்த மேட்சில், எத்தனை பாயின்ட் என்று ரைஹானத் ஒன்றுவிடாமல் ஏற்றினாள். அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொருத்திக்கும் ஒரு தரம் கொடுத்தது. நோட்டில் நிறையப் போட்டவள் கம்ப்யூட்டரிலும் நிறையப் போடுவாள். நோட்டில் முட்டை வாங்கியவள் இங்கேயும் முட்டைதான். வாரா வாரம் ரைஹானத் பட்டனை அமுக்குவாள், மூன்று நிமிடத்தில் அந்த வார ஆட்டங்கள் முடிந்துவிடும். பிறகு அலசி எழுதும் வேலை ஃபஹ்மிதாவுடையது.

அவளுக்குப் பிடித்தது பெஞ்சுக் கணக்கு. முதலில் இறங்கும் ஐந்து பேரை எல்லோரும் பார்ப்பார்கள். வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு நடுவில் மாற்றாக இறங்குகிறவர்கள் எத்தனை போடுகிறார்கள் என்பதில்தான் ஓர் அணியின் லட்சணம் தெரியும் என்பது அவள் கட்சி. அணிக்கு அணி ஒப்பிட்டுக் கலர் கலராகப் பட்டியல் போட்டு வாட்ஸப் குழுவில் விடுவாள். கூடவே நாலு வரி நக்கலும் இருக்கும்.

இந்த வாரப் பட்டியல் அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. பேட்டை பெஞ்சு ஒரு மேட்சுக்குச் சராசரி இருபத்தேழு. அவளுடைய மேலப்பாளையம் இருபத்திரண்டு. மணிமுத்தாறு பத்தொன்பது. எல்லோருக்கும் கடைசியில் வி.கே.புரம், வெறும் ஆறு. முதல் ஐந்து பேர் பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் மூன்றாவது குவார்ட்டரில் பெஞ்சு இறங்கிக் கோட்டைவிட்டுவிடும். அந்த அணிக்குச் சொந்தக்காரி வித்யாலக்ஷ்மி. கல்லூரியில் ஃபஹ்மிதாவோடு ஒரே அணியில் இருந்தவள். அப்பாவுக்கு வி.கே.புரத்தில் நூல் மில்லில் வேலை என்பதால் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். இப்போது டவுனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். கம்ப்யூட்டர் கொடுத்த தரத்துக்குக் கட்டுப்பட்டு, தன் அணியில் தன்னையே பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள்.

ஃபஹ்மிதா எழுதினாள்: ‘வி.கே.புரம் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சு இன்னும் காயல போல. ஒட்டிக்கிட்டு ஒருத்தியும் எந்திரிக்க மாட்டேங்கா. ஓனரம்மா வித்யா பதினெட்டு மேட்சுல மொத்தம் ரெண்டு பாயின்ட். அதுவும் ஃப்ரீ த்ரோ!’

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. வித்யாவும் ஒன்று போட்டிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்து வித்யாவின் எண்ணிலிருந்து ஃபஹ்மிதாவுக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. குரல் வித்யாவுடையதல்ல.

“ஆன்ட்டி, நான் ஸ்ரீநிதி பேசறேன், வித்யா பொண்ணு. அம்மா டியூஷன்ல இருக்கா, அவளுக்குத் தெரியாம அனுப்பறேன். அம்மா காலேஜ்ல ஒரு ஃபைனல்ல பதினாலு பாயின்ட் போட்டேன்னு சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட சொல்லிண்டிருக்கா. நானும் ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். உங்க லீக்ல பார்த்தா அந்த ஃபைனல்ல அம்மாவுக்கு ஸீரோன்னு இருக்கு. அம்மாட்ட கேட்டேன். தனக்குத்தான் தப்பா ஞாபகம் இருந்திருக்குங்கறா. நான் கோபத்துல புளுகுணின்னு சொல்லிட்டேன். நெஜமாவே அம்மா ஒண்ணும் போடலையா ஆன்ட்டி?”

ஃபஹ்மிதா மடிக்கணினியை மூடினாள். மூடிவிட்டால் தீர்ந்துவிடும் என்பதுபோல அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டை மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டி அது. அவர்கள் அணியில் பெண்கள் பத்துப் பேர், ஜெர்ஸி எட்டு. கல்லூரி அவ்வளவுதான் வாங்கித் தந்திருந்தது. அதற்கு அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெளியே வருகிறவள் தன் ஜெர்ஸியைக் கழற்றி உள்ளே போகிறவளிடம் கொடுக்க வேண்டும். வேப்பமரத்தடியில் இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் மாற்றல் நடக்கும். விதிப்படி கூடாதுதான். சின்னப் போட்டி என்று நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு முதல் பாதியில் ஃபஹ்மிதா போட்டது நாலு பாயின்ட். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கால் பிசகிக்கொண்டது. துப்பட்டா மறைவில் அவள் கழற்றிக் கொடுத்த ஏழாம் நம்பரை, வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததை, ஐயர் வீட்டுப் பெண் வித்யா முகம் சுளிக்காமல் வாங்கித் தலைவழியாக மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடினவள் ஏழு கூடை போட்டாள். ஐஸ் கட்டியைக் கணுக்காலில் அழுத்திக்கொண்டு பெஞ்சில் இருந்த ஃபஹ்மிதா தொண்டை கிழியக் கத்தி, ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஜெயித்தது மட்டும்தான் ஞாபகம்.

ஆட்டம் முடிந்ததும் வித்யா ஜெர்ஸியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். குழுப் படத்துக்காக ஃபஹ்மிதா அதை மாட்டிக்கொண்டு நின்றாள். ஸ்கோர் மேஜையில் இருந்த காஜா முகைதீனைக் குறை சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்தா எழுதினார், முதுகில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதினார். மைக்கில் அறிவித்தார்கள்: “சிறந்த ஆட்டக்காரர், ஏழாம் நம்பர் ஃபஹ்மிதா, பதினெட்டு பாயின்ட்!”

அவள் நொண்டிக்கொண்டே போய்க் கோப்பையை வாங்கினாள். அடிபட்ட காலோடு பதினெட்டு போட்டிருக்கிறாளே என்று மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. உடம்பில் ஒட்டியிருந்த ஈரம் வித்யாவுடையது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தாள். மறுநாள் பேப்பரில் படத்தோடு பெயர் வந்துவிட்டது. வாப்பா அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அந்தக் கோப்பையால் மாநில அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. இன்றைக்கும் அவள் காலையில் போய்க் கையெழுத்துப் போடும் நாற்காலி அந்த ஏழு கூடையின்மேல்தான் நிற்கிறது.

இதாவது பத்தொன்பது வயதில் செய்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ரைஹானத் நோட்டை ஏற்றியபோது, ‘ஃபைனல்ல நான் கொஞ்சம் போட்டாப்ல ஞாபகம்’ என்று வித்யா குழுவில் எழுதினாள். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் முதல் ஆள் ஃபஹ்மிதா. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு என்ன சாக்குச் சொல்வாள்?

ஒரு மனுஷி செய்த தப்பை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் எத்தனை சந்துக்குள் நுழைந்து பார்ப்பாள் என்று சொன்னால் நமக்கே சிரிப்பு வரும். ஃபஹ்மிதா முதலில் நுழைந்த சந்து இது. ரைஹானத்துக்குப் போன் போட்டாள்.

“ஏளா, வித்யா தரத்தைக் கொஞ்சம் ஏத்தி விடேன். பாவமா இருக்கு.”

“நோட்டுல இல்லாததை எப்படிளா ஏத்த?”

“என் தரத்துல இருந்து கொஞ்சம் எடுத்து அவளுக்குக் குடு. லீக் சமமா இருக்கும்லா. நான் சொல்லுதேன், போடு.”

ரைஹானத்துக்கு வெள்ளை மனசு. போட்டதோடு நிற்கவில்லை. குழுவில் பெரிதாக எழுதியும் விட்டாள்: ‘நம்ம ஃபஹ்மி தன் பாயின்டை வித்யாவுக்கு விட்டுக் குடுத்திருக்கா. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு!’ கும்பிடும் கைகளும் இதயங்களும் வரிசை கட்டின. அதற்கு நடுவில் வித்யாவும் எழுதியிருந்தாள்: ‘தேங்க்ஸ்டி ஃபஹ்மி. நீ எப்பவுமே பெரிய மனசுக்காரி.’

அதைப் படித்தபோது ஃபஹ்மிதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மைதானத்தில் கைதட்டு வாங்கியது ஒரு தடவை, இது இரண்டாம் தடவை. திருடியதைத் தர்மமாகக் கொடுத்துவிட்டு, திருட்டுக் கொடுத்தவளிடமே நன்றியும் வாங்கியாயிற்று. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீநிதியின் குரல் செய்தி பதில் இல்லாமல் அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வித்யாவுக்குப் போன் செய்தாள்.

“சொல்லுடி. நம்ம பெஞ்சு பார்த்தியா? நீ தரத்தை ஏத்திவிட்டதும் நேத்து ட்ரையல் மேட்சுல நானே ஒம்பது பாயின்ட்!” வித்யாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“நான் ஒண்ணும் ஏத்திவிடல வித்யா.”

“என்னது?”

“அன்னைக்கு ஃபைனல்ல செகண்ட் ஹாஃப் பூரா நீதான் ஆடுன. என் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடுன. ஏழு கூடை. நான் உக்காந்து எண்ணுனேன். காஜாண்ணன் நம்பரைப் பாத்து எழுதிட்டாக. கப்பு குடுக்கும்போது எனக்குத் தெரியும். ரைஹானத் நோட்டை ஏத்தும்போதும் தெரியும். வெள்ளிக்கெழமை உன்னையக் கேலி பண்ணி எழுதும்போதும் தெரியும். வாயைத் தொறக்காம இருந்துட்டேன். அல்லா மேல சத்தியமா, இதுக்கு மேல என்னால முடியாது.”

எதிர்முனையில் பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்தது. யாரும் போய் அதை அணைக்கவில்லை.

“ஏழா?” என்றாள் வித்யா கடைசியில்.

“ஏழு.”

“கடைசிக் கூடை இடது கையால போட்டேன், இல்ல? போர்டுல படாம உள்ள விழுந்துது.”

“ஆமா. எல்லாரும் கத்துனாங்க.”

“நான் கனவு கண்டதை நெஜம்னு நெனச்சிண்டிருக்கேன்னு…” வித்யாவின் குரல் உடைந்தது. “நாலு வருஷமா அப்படித்தான்டி நெனச்சிண்டிருக்கேன். என் மண்டைக்கு என்னமோ ஆயிடுத்துன்னு. குழந்தை முகத்தைப் பார்க்க முடியல.”

அவள் திட்டுவாள் என்றுதான் ஃபஹ்மிதா எதிர்பார்த்தாள். வேலையைப் பற்றிக் கேட்பாள், யாருக்காவது எழுதிப்போடுவேன் என்பாள் என்றெல்லாம் பயந்து, அதற்கும் துணிந்துதான் போன் செய்திருந்தாள். வித்யா அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

“மன்னிச்சிரு வித்யா.”

“அதெல்லாம் அப்புறம். எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு.”

“யாருகிட்ட?”

“ஸ்ரீநிதி, இங்க வா. ஃபஹ்மிதா ஆன்ட்டி பேசணுமாம்.”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. ஃபஹ்மிதா எழுந்து நின்றுவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளையிடம் பேச எதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.  சட்டையில் ஆரம்பித்து, துப்பட்டா, நம்பர், மைக்கில் சொன்னது, பேப்பரில் வந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். 

“அப்போ பதினாலும் அம்மா போட்டதா?”

“பூரா உங்க அம்மா போட்டது.”

“அன்னிக்கு நீங்க எவ்வளவு போட்டேள்?”

“நாலு.”

“நாலா?”

“நாலுதாம்மா.”

“அம்மா புளுகுணி இல்லையே?”

“இல்லம்மா. நான்தான்.”

 பின்னால் வித்யா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்புறம் ஏன் ஆன்ட்டி இவ்வளவு நாளா சொல்லல?”

பதினேழு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்த பதில்கள் ஃபஹ்மிதாவிடம் ஒரு மூட்டை இருந்தன. வாப்பா சந்தோஷப்பட்டார், வேலை வேண்டியிருந்தது, வித்யா கேட்கவே இல்லை. ஒன்றைக்கூட அந்தக் குரலுக்கு முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

“வெக்கமா இருந்துச்சும்மா,” என்றாள்.

“இப்போ?”

எதிர்ச் சுவரில், வாப்பா சட்டம் போட்ட படத்தில், ஏழாம் நம்பரை மாட்டிக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“இப்பவுந்தான்,” என்றாள் ஃபஹ்மிதா.