நான்கு செங்கல்

"என் எதிர்ல கால நீட்டிப் படுத்தவன் இந்தச் செஞ்சி தாலுக்காவுல இன்னும் பொறக்கல" என்று அரிகிருஷ்ணன் அறிவித்தார்.

இதை அவர் ராஜகிரிக் கோட்டை உச்சியில் நின்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், முதுகுப்பக்கம் முடிச்சு அவிழ்ந்த பச்சை கவுனில் மல்லாந்தபடி சொன்னார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஊரிலிருந்து மினி பஸ்ஸில் பார்க்க வந்த ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எதிர்க் கட்டிலில் இளையபெருமாள் காலை மடக்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஆக, நிரூபணமும் கைவசம் இருந்தது.

இளையபெருமாள் அதே ஊரின் காலனிக்காரர். அரிகிருஷ்ணன் நிலத்தில் நாற்பது வருஷம் உழைத்தவர். அவரைவிட ஐந்து வயது மூத்தவர். இருவருக்கும் வந்தது ஒரே வியாதி, ஒரே இடது பக்கம். இந்த விவரத்தை மட்டும் அரிகிருஷ்ணன் ஊர்க்காரர் எவரிடமும் சொல்லவில்லை.

இளையபெருமாளுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. ரத்த அழுத்தம் நூற்றெண்பதிலேயே நின்றது. மயக்க மருந்து டாக்டர் திண்டிவனத்திலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருபவர். போன வியாழன் அரிகிருஷ்ணனை முடித்துவிட்டு, இவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

"மாத்திர மட்டும் போதாதும்மா. மனுசன் தூங்கினாத்தான் பிரஷர் எறங்கும்" என்று பெரிய டாக்டர், இளையபெருமாளின் மகள் மங்கையிடம் சொன்னார். "வர்ற வியாழனும் எறங்கலன்னா ரிஸ்க்கு. கொடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

தூக்கத்துக்கு அந்த வார்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. நர்ஸ் பூங்குழலி மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அமைதி நேரம் என்று எழுதி ஒட்டியிருந்தாள். விளக்கு அணையும், செல்போன் அடங்கும். காதுக்குப் பஞ்சு, கண்ணுக்குத் துண்டு.

"பொணத்துக்கு மூக்குல வெப்பாங்க, நீ காதுல வெக்கிற. அவ்ளோதான வித்தியாசம்?" என்று அரிகிருஷ்ணன் கேட்டார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் ஊர் மினி பஸ் செஞ்சிக்கு வருவதே ஒன்றே முக்காலுக்குத்தான். அரிகிருஷ்ணன் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்விசிறி நன்கொடை கொடுத்தவர், அதன் மூன்று இறக்கையிலும் அவர் பெயர் சுற்றுகிறது. வாட்ச்மேன் யாரைத் தடுப்பார்? வந்தவர்களும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக முடியாது. நோயாளி கண் விழித்து, முகம் பார்த்து, "வாங்க" என்று சொன்னால்தான் வந்ததாக அர்த்தம். இல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் பேச்சு வரும்.

ஒவ்வொரு கும்பலுக்கும் இளையபெருமாள் எழுந்து உட்கார வேண்டியிருந்தது. முதல் நாள் அரிகிருஷ்ணன், "கால மடக்குடா எளையா, ஊர்க்காரங்க வர்றாங்க" என்று வாயால் சொன்னார். அதன்பின் ஒரு செருமல் போதுமாயிருந்தது. செருமினால் தையல் சுண்டும், கண்ணில் நீர் முட்டும். இருந்தும் செருமினார். கௌரவம் என்றால் சும்மாவா வரும்?

"இன்னா நைனா நீ? இது இன்னா அவரு வூட்டு வாசலா?" என்றாள் மங்கை.

"எனக்குத் தெரியாதா? காலு அதுவா மடங்குதும்மா."

மங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழுது பிரயோஜனமில்லை என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு பூங்குழலியிடம் போனாள். "நேத்து மட்டும் இருபத்தேழு தடவ எழுந்திருக்காரு சிஸ்டர். ராத்திரில எதிர்க் கட்டில்காரரு செருமுனாக்கூட எழுந்துக்கிறாரு. தூங்குனது மொத்தமே நாப்பது நிமிசம்."

பூங்குழலி காகிதத்தைப் படித்தாள். யார்மீதும் கோபப்படவில்லை. பெரிய டாக்டரிடம் போய் ஏதோ கேட்டாள், கையெழுத்து வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை, இளையபெருமாள் கட்டிலின் கால்மாட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு செங்கல் ஏறின. இறங்கிய குடல் உள்ளே போவதற்கு இது உண்மையான வைத்தியம்தான். அதனால் அவருடைய இரண்டு பாதங்களும், பித்தவெடிப்பு சகிதம், அரிகிருஷ்ணனின் முகத்துக்கு நேராக உயர்ந்தன.

"ஐயா எதிர்ல எப்பிடிம்மா?" என்றார் இளையபெருமாள், தலைகீழாகத் தொங்குபவர் குரலில்.

"நீயா நீட்டல நைனா. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. மாத்திர மாதிரி நெனச்சிக்கோ."

"எழுந்து உக்காந்தா ஆபரேஷன் கேன்சல்" என்று சேர்த்துக்கொண்டாள் பூங்குழலி. காதில் பஞ்சை வைத்து, கண்மேல் துண்டைப் போட்டாள்.

இரண்டு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். அரிகிருஷ்ணன் செருமினார். பாதங்கள் அசையவில்லை. இன்னும் பலமாகச் செருமினார். எதிரிலிருந்து குறட்டை வந்தது.

"இன்னா சித்தப்பா, எளையன் கால உங்க மூஞ்சிக்கு நேரா காட்டுறான்?" என்றான் அண்ணன் மகன்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் பூங்குழலி. "அது ட்ரீட்மெண்ட். உங்க சித்தப்பாவுக்கும் வேணும்னா வெளிய கல்லு கெடக்குது."

அன்று மாலைவரை அரிகிருஷ்ணன் செருமிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை தையல் விட்டுப்போனது, காய்ச்சலும் வந்தது. பெரிய டாக்டர் திட்டிவிட்டு, மறுபடி தைத்து, "இன்னும் ஒரு வாரம். பேசாம தூங்குங்க" என்றார்.

தூங்க விட்டால்தானே. தையல் பிரிந்தது புது வியாதி. முதல் வியாதிக்கு வந்தவர்கள் இதற்கும் தனியாக வர வேண்டும், அதுதான் முறை. அதில் பாதிப் பேர் அந்தக் காலைப் பார்க்க வந்தவர்கள். அரிகிருஷ்ணன் கண் சொருகும்போதெல்லாம் ஒருவர் தோளைத் தட்டி, "தூங்குறீங்களா?" என்று விசாரித்தார். எதிர்க் கட்டில்காரர் மூன்று நாளில், நாற்பது வருஷத்து பாக்கியைத் தூங்கி முடித்தார்.

புதன்கிழமை பிரஷர் நூற்று நாற்பது. வியாழக்கிழமை காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இளையபெருமாள் திரும்பி வந்தார். மங்கை வராந்தாவுக்குப் போய், முகத்தை மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள். செங்கற்களை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் இளையபெருமாளின் கால்கள் நீட்டியபடியே இருந்தன. இப்போது அதற்கு டாக்டர் சீட்டு எதுவும் இல்லை.

இரண்டு மணி. விளக்கு அணைந்தது. மாடிப்படியில் அரிகிருஷ்ணனின் சம்பந்தி குரல் கேட்டது. சம்பந்தி என்றால் எழுந்து உட்கார வேண்டும், வாங்க என்று கும்பிட வேண்டும், தையல் பிரிந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அரிகிருஷ்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினார். நாலு எட்டு வைத்து எதிர்க் கட்டிலருகே போய் நின்றார். இளையபெருமாள் விழித்திருக்கிறாரா என்று குனிந்து பார்த்தார். இல்லை. அவர் தலைமாட்டிலிருந்த பஞ்சு உருண்டையில் ஒரு துணுக்கைப் பிய்த்து, இரண்டாக்கி, சத்தமில்லாமல் காதுகளில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து படுத்தார். துண்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டார். பிறகு, எதிர்க் கட்டிலைப் பார்க்க, காலை நீட்டினார்.